வயிற்றைத் துவைத்தவள்

என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே சலவைக்கடை. காலை ஏழு மணிக்கு அவர்கள் பாய்லரைப் பற்றவைத்தால் என் கடைக் கண்ணாடியில் ஆவி படியும். அதைத் துடைத்துவிட்டுத்தான் நான் ஷட்டரை முழுசாகத் தூக்குவேன். பதினாறு வருஷமாக அந்தக் கண்ணாடி வழியாக அந்தக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் வீட்டு விஷயம் உனக்கு எதற்கு என்று கேட்டால், வேலை இல்லாத நேரத்தில் எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் மனுஷன் பார்ப்பான்.

அண்ணன் தம்பி இரண்டு பேருடைய கடை அது. அண்ணன் வேன் ஓட்டுகிறார். இரண்டு ஆஸ்பத்திரி, மூன்று லாட்ஜ், எல்லா இடத்திலும் வெளுத்த மூட்டையை இறக்கிவிட்டு அழுக்கு மூட்டையை ஏற்றிக்கொண்டு வருவார். தெருவில் அவர் வேன்காரர். தம்பி பாய்லரைப் பார்த்துக்கொள்கிறான், அவன் பேரே பாய்லர் என்று ஆகிவிட்டது. ஆனால் கடையை உண்மையில் நடத்துவது அவர்களுக்கு வாக்கப்பட்ட இரண்டு பெண்கள்தான். பெரியவள், சின்னவள். ஊற வைப்பது, மெஷினில் போடுவது, பிழிவது, சூடான உருளைக்குள் விட்டு எடுப்பது, மடிப்பது எல்லாம் அவர்கள் கை.

இந்த இரண்டு பேரும் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை.

கீழே கடை, முதல் மாடியில் பெரியவள், இரண்டாவது மாடியில் சின்னவள். ஒருத்தி ஏறும்போது இன்னொருத்தி இறங்காமல் நின்றுகொள்வாள். வேலைக்காகப் பேசித்தான் தீரவேண்டும் என்றால் நடுவில் பாய்லர் இருக்கிறான். "லாட்ஜ் மூட்டை முதல்ல போகட்டும்னு சொல்லு தம்பி" என்று பெரியவள் சுவரைப் பார்த்துச் சொல்வாள். சின்னவள் இரண்டடி தள்ளித்தான் நிற்பாள். பாய்லர் திரும்பி, "லாட்ஜ் மூட்டை முதல்ல போகட்டுமாம்" என்பான். "மெஷின் காலியா இல்லன்னு சொல்லுங்க" என்பாள் இவள். "காலியா இல்லயாம் அண்ணி." அவன் முகத்தில் சலிப்பே இருக்காது. சின்ன வயசிலிருந்தே திக்கிப் பேசுகிறவன், இந்தப் பதினோரு வருஷத்தில் திக்கல் சரியாகிவிட்டது என்று தெருவில் சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பெரிய படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, விறைப்பாக இழுத்து, எதிரும் புதிருமாக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்கவேண்டும். அப்போது கையோடு கை படும். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. முந்நூறு தடவையும் கை படும், ஒரு தடவைகூட கண் படாது. நானும் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். சின்னவள் கோழிப்பண்ணை வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்த ஐந்தாம் நாள் பதினெட்டு துண்டு துவைத்துக் காயப்போட்டாள். பெரியவள் அந்தப் பதினெட்டையும் கொடியிலிருந்து உருவி, எல்லார் கண் முன்னாலும் மறுபடி மெஷினில் போட்டாள். "வாடை போகல" என்று ஒரு வார்த்தை சொன்னாள். துண்டு வாடையா, பண்ணை வாடையா என்று அவள் விளக்கவில்லை. சின்னவளுக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை.

பெரியவள் அப்படித்தான். சுத்தம் சுத்தம் என்று உயிரை விடுவாள். வேறு யாராவது குடித்த டம்ளரில் தண்ணி குடிக்கமாட்டாள். என் கடைக்கு வந்தால் நாற்காலியில் கைக்குட்டை போட்டுத்தான் உட்காருவாள். எனக்கு அது பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. அப்படிப்பட்டவளுக்குத்தான் இந்த வியாதி வந்தது.

ஆரம்பம் பல்வலி. கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து முகம் வீங்கியது. கிருமியைக் கொல்ல மாத்திரை கொடுத்தார்கள். பல் சரியாயிற்று, வயிறு கெட்டது. நாளைக்குப் பத்து தடவை, பதினைந்து தடவை. மருந்து சாப்பிட்டால் நிற்கும், நிறுத்தினால் ஒரே வாரத்தில் திரும்பிவிடும். ஐந்தாவது முறை திரும்பியபோது அறுபத்திரண்டு கிலோ இருந்தவள் நாற்பத்தொன்று ஆகியிருந்தாள். ரிப்போர்ட் எல்லாவற்றையும் நான்தான் நகல் எடுத்தேன், அதனால் எனக்குத் தெரியும். ஒரு தடவை பாத்ரூமிலேயே மயங்கி விழுந்து, கதவை உடைத்துத் தூக்கினார்கள். விரிப்பு மடிக்க ஆள் இல்லாமல் சின்னவள் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு ஒற்றையாக மடித்தாள். பெரியவள் மாடி ஜன்னலில் முகத்தை வைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெயிலடித்தாலும் போர்வையோடு இருப்பாள்.

ஒரு மழை நாளில் வேன்காரர் நனைந்துகொண்டே என் கடைக்கு வந்தார். கையில் ஒரு கட்டுக் காகிதம்.

"இத நாலு காப்பி எடுங்க."

எடுத்துக்கொண்டே, "டாக்டர் என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"இனிமே மாத்திரையில தீராதாம். வயித்துக்குள்ள நல்ல கிருமி கோடிக்கணக்குல குடியிருக்காம். பல்லுக்குக் குடுத்தாங்கல்ல, அது போயி அத்தனையையும் சேத்து அழிச்சிடுச்சு. காலியா கெடந்த வீட்ல ஒரு ரவுடி வந்து உக்காந்துட்டான், அவன வெரட்ட மறுபடி ஆளுங்க குடி வரணும்னாரு."

"ஆளுங்கன்னா?"

"நல்ல கிருமி. வேற ஒருத்தர் வயித்துலேர்ந்து வாங்கி ஏத்தணுமாம். ரத்தம் ஏத்தறாங்கல்ல."

"ரத்தமா ஏத்தணும்?"

வேன்காரர் கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். "ரத்தம் இல்லங்க. மலம்."

நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

"சிரிக்காதீங்க" என்றார். நான் சிரிக்கவில்லை, ஆனால் சிரித்துவிடுவேனோ என்று பயமாகத்தான் இருந்தது. "வாயில குடுக்கறதில்ல. கரைச்சு, வடிகட்டி, கேமரா ட்யூப் வழியா கீழேர்ந்து உள்ள விடறாங்க. நெறைய பேருக்குக் கேட்டிருக்காம். இவளுக்கும் கேக்க வாய்ப்பு அதிகம்னு டாக்டர் சொல்றாரு. ஆனா கேக்கும்னு எழுதிக் குடுக்கமாட்டேங்கறாரு."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்வா? 'இருபது வருஷமா அதத்தான் துணியிலேர்ந்து எடுத்திட்டிருக்கேன், இப்ப அத உள்ள போடணுமா, செத்தாலும் செத்துப்போறேன்'னா. ரெண்டு நாள் என்னோட பேசல. நேத்து எடை பாத்தோம், இன்னும் ஒரு கிலோ கொறஞ்சிருக்கு. அப்புறம் 'யாரோடதுன்னு என்கிட்ட சொல்லாதீங்க, அது மட்டும் போதும்'னு ஒத்துக்கிட்டா." அவர் காகிதத்தைச் சரிசெய்தார். "குடுக்கற ஆளுதான் கெடைக்கல. எனக்குச் சர்க்கரை. தம்பிக்குப் பழைய மஞ்சக்காமாலை ரத்தத்துல இன்னும் காட்டுது. எங்க பொண்ணு புகுந்த வீட்ல மாசமா இருக்கா, அவள இழுக்க முடியாது. அம்பது வயசுக்குள்ள, சீக்கில்லாத ஆளு வேணும். நீங்க..."

"எனக்கு கேஸ் ட்ரபிள்ங்க" என்றேன்.

அவர் கேட்டு முடிக்கக்கூட இல்லை. அவ்வளவு வேகமாக நான் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு மழையில் இறங்கிப் போனார். என்னை மாதிரியே அன்றைக்கு இன்னும் ஏழெட்டு பேர் சொல்லியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. லாட்ஜ் மேனேஜர் சிரித்தே விட்டாராம். ரத்தம் கேட்டால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருகிறவர்கள், தினமும் காலையில் வேண்டாம் என்று விட்டுவிட்டு வருகிற ஒன்றைக் கேட்டதும் ஓடினோம்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் மெஷின் ஓய்கிற நேரத்தில் சின்னவள் வந்தாள். முழங்கை வரை சோப்புத் தண்ணி ஊறி வெளுத்திருந்தது. இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணே, இதப் படிச்சு நிரப்பிக் குடுங்க."

கொடுப்பவர் நிரப்பவேண்டிய படிவம். நாற்பத்தெட்டு கேள்வி.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான். அக்காவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். தெரிஞ்சா வாங்கிக்கமாட்டாங்க."

ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன்.

"பச்சை குத்தியிருக்கீங்களா?"

"இல்ல."

"ஜெயில்ல இருந்திருக்கீங்களா?"

"பதினோரு வருஷமா ரெண்டாவது மாடியில இருக்கேன். அதப் போடணுமா?"

"இல்லன்னு போடறேன். தெனமும் வயிறு ஒழுங்கா போகுதா?"

"காலைல அஞ்சரைக்கு. கடிகாரம்கூட தப்பும்."

"கெட்டியாவா, எளகலாவா? படம் போட்டிருக்கு பாருங்க, ஏழு தினுசு."

அவள் படத்தை உற்றுப் பார்த்து, ரொம்பக் கெட்டியும் இல்லாமல் இளகலும் இல்லாமல் இருந்த நாலாவதில் விரலை வைத்தாள். கூச்சமே படவில்லை. நான்தான் வேறு பக்கம் பார்த்தேன்.

"மூணு மாசத்துல ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கீங்களா?"

"அப்படின்னா?"

"சீக்கு வந்தா குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி மாத்திரை."

"எனக்கு எந்தச் சீக்கும் வரல. ஏன் கேக்கறாங்க?"

"என்னமோ கேக்கறாங்க. இல்லன்னு போட்டுடறேன்" என்றேன். இந்த இடத்தை நான் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஏன் கேட்கிறார்கள் என்று அடுத்த பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. ஒரு காகிதத்தைத் திருப்பிப் படிக்க எனக்குச் சோம்பேறித்தனம்.

ரத்தம், மலம் எல்லாம் சோதித்தார்கள். எல்லாமே தேறியது. "உங்க வயிறு மாதிரி ஒரு வயிறு நான் பாத்ததில்லம்மா" என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை. அந்த வீட்டில் அவளுக்கு யாரும் எதற்காகவும் நல்ல பேர் கொடுத்ததில்லை. ஆஸ்பத்திரி ஆள் ஒருத்தர் கொடுக்கிறார் என்று பெரியவளிடம் சொல்லிவைத்தார்கள்.

ஏற்றுவதாகக் குறித்த நாள் காலையில் நானும் போனேன். ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று நானாகவே வேனில் ஏறினேன். 'கேஸ் ட்ரபிள்' என்று சொன்னது உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. பெரியவளை முந்தின நாளே சேர்த்திருந்தார்கள், குடலைச் சுத்தம் செய்யும் மருந்து கொடுத்துப் பட்டினி போட்டிருந்தார்கள். அவள் திரைக்குப் பின்னால் தள்ளுகட்டிலில் கிடந்தாள். சின்னவள் எட்டு மணிக்குப் பாய்லரோடு வந்தாள். ஆஸ்பத்திரி கொடுத்த மூடி போட்ட டப்பாவை, இஸ்திரி போட்ட வெள்ளைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

நர்ஸ் டப்பாவை வாங்கிக்கொண்டு கடைசியாகச் சில கேள்விகள் கேட்டாள். எப்போது போனீர்கள், காய்ச்சல் உண்டா, நேற்றிலிருந்து மாத்திரை ஏதாவது போட்டீர்களா.

"போட்டேனே" என்றாள் சின்னவள். "சும்மா அப்படியே கொண்டாருவேனா சிஸ்டர்? நேத்து சாயங்காலம் ரெண்டு, காலைல ஒண்ணு. உள்ள இருக்கற கிருமி எல்லாம் போயிருக்கும். சுத்தம் பண்ணித்தான் கொண்டாந்திருக்கேன்."

"என்ன மாத்திரை?"

முந்தானை முடிச்சை அவிழ்த்து வெற்று அட்டையை நீட்டினாள். பெரியவளுடைய பல்லுக்குக் கொடுத்த அதே மாத்திரை. கடை மேஜை டிராயரில் மிச்சம் கிடந்த மூன்று.

நர்ஸ் அட்டையைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டாக்டர் வெளியே வந்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "எந்தக் கிருமிக்காக உங்களக் கேட்டோமோ, அதத்தாம்மா நீங்க கொன்னிருக்கீங்க" என்றார். "இத இப்ப ஏத்த முடியாது. உங்க வயிறு பழையபடி ஆகணும். இன்னிலேர்ந்து மூணு மாசம்."

"மூணு மாசம் அவங்க தாங்குவாங்களா?" என்று பாய்லர் கேட்டான்.

"அடக்கி வைக்கற மருந்தக் குடுத்துப் பாப்போம். அதுக்குள்ள வேற ஆள் கெடைச்சாலும் நல்லதுதான்."

தாங்குவாள் என்று அவர் சொல்லவில்லை. சின்னவள் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யார் கொடுக்க வந்தார்கள் என்று நோயாளியிடம் சொல்லவேண்டியதில்லை, நானே பக்குவமாகப் பேசிக்கொள்கிறேன் என்று டாக்டர் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கெடுத்தது நான். நானே சொல்றேன்."

திரைக்கு இந்தப் பக்கம் நானும் வேன்காரரும் நின்றோம். ஒட்டுக்கேட்பது தப்புதான். நகர்ந்துபோக எங்கள் கால் வரவில்லை.

"அக்கா" என்றாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

கட்டிலருகே அவள் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது.

"இன்னிக்கு நடக்காதுக்கா. என்னாலதான்."

"நீ எதுக்கு இங்க வந்தே?" பெரியவளுடைய குரல் காற்று மாதிரி இருந்தது.

"குடுக்க வந்தது நான்தான்."

"யாரோ ஆஸ்பத்திரி ஆளுன்னாரே."

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். என்னோடதுன்னா வேணாம்பீங்கன்னு."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "சரி, என்ன ஆச்சு?"

"உங்க பல்லு மாத்திரைல மூணு மிச்சம் இருந்திச்சு. அதப் போட்டுட்டேன்."

"யாராவது போடச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. ஆஸ்பத்திரித் துணி வந்தா நம்ம என்ன பண்றோம்? மருந்துத் தண்ணில ஊற வெக்காம மெஷின்ல போடுவமா? துணிக்கே அப்படிப் பாக்கறோம். இது உங்களுக்குள்ள போறது. அதான் ஊற வெச்சா மாதிரி இருக்கட்டும்னு... அழுக்கா குடுத்தான்னு ஒரு பேர் வரக்கூடாதுக்கா."

"யாருடி உன்ன அழுக்குன்னது?"

வேன்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்கதான்க்கா" என்றாள் சின்னவள்.

கட்டில் கிறீச்சிட்டது. பெரியவள் எழுந்து உட்கார முயற்சி செய்திருக்கவேண்டும். "படுங்க, படுங்க" என்று இவள் பதறுவது கேட்டது.

"அந்தத் துண்டுல ஒண்ணும் இல்லடி" என்றாள் பெரியவள். "வாடையும் இல்ல, ஒரு எழவும் இல்ல. நான் வந்து பத்து வருஷம் துவைச்சேன், அந்த வெள்ளை எனக்கு ஒரு நாளும் வரல. நீ வந்த அஞ்சாம் நாள் கொண்டாந்துட்ட. லாட்ஜ்லேர்ந்து வந்தவன்கூட கொடியப் பாத்துட்டு, யாரு துவைச்சதுன்னு கேட்டான். எனக்கு வயித்தெரிச்சல். அதான் உருவி மறுபடி போட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது? ஒரு நாள் சொல்லல, ஒரு வாரம் சொல்லல. அப்புறம் வருஷமாயிடுச்சு."

சின்னவள் அழுதாள். தேம்பலாக இல்லை, ஓவென்று அழுதாள். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கும் கண் கலங்கியது. அதை மறைக்க ஒன்றுமில்லை, வேன்காரரே என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"மூணு மாசமா?" என்று பெரியவள் கேட்டாள்.

"மூணு மாசம்."

"இருக்கேன்" என்றாள்.

அன்றைக்கே நான் டாக்டரிடம் போய், என்னைச் சோதித்துப் பாருங்கள் என்றேன். அவர் என்னென்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று கேட்டார். நாலு வருஷமாக வயிற்று எரிச்சலுக்குத் தினமும் ஒன்று, அடிக்கடி பேதிக்கு ஒன்று. "உங்களுக்கு ஒழுங்கான கேஸ் ட்ரபிள் இருக்கு" என்று அனுப்பிவிட்டார். நான் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. ஆனாலும் அன்றைக்கு நான் அதைப் பொய்யாக நினைத்துத்தான் சொன்னேன்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் சின்னவளுடைய வயிறு எல்லாருக்கும் பொதுவான சொத்து ஆகிவிட்டது. பெரியவள் மாடியில் படுத்தபடியே கேட்பாள், "இன்னிக்கு என்ன சாப்பிட்டே?" "சோறு, கீரை, தயிர்." "கீரைய நல்லா அலசினியா?" "நாலு தண்ணி." "வெளியில எதையும் வாங்கித் தின்னாத." "இல்லக்கா." "காலைல போச்சா?" "போச்சு." "எத்தனாவது படம்?" "நாலு." தெருவே கேட்கும். பாய்லருக்கு வேலை போய்விட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பழகியவன், சும்மா நிற்கத் தெரியாமல் பாய்லரை ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைத்தான்.

பேசாமல் இருந்த பதினோரு வருஷத்துக்கும் சேர்த்துப் பேசினார்கள். எல்லாம் நல்ல பேச்சு என்று சொல்லமாட்டேன். ஒரு நாள் ஏதோ சாவிக்காக இரண்டு பேரும் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி சண்டை போட்டார்கள். பாய்லர் என்னிடம் ஓடிவந்து, "அண்ணே, நேரடியா திட்டிக்கறாங்க" என்றான், சந்தோஷமாக.

பெரியவள்தான் கரைந்துகொண்டே போனாள். அடக்கி வைக்கிற மருந்தையும் மீறி இரண்டு தடவை திரும்பியது. இரண்டு தடவையும் சலைன் ஏற்றினார்கள். முப்பத்தெட்டு கிலோ. சின்னவள் சமையலுக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடினாள். நாள்காட்டியில் கோடு போடவில்லை, ஆனால் எந்த நேரம் கேட்டாலும் எத்தனையாவது நாள் என்று சொல்வாள்.

ஐம்பத்தைந்தாவது நாள் சின்னவளுக்குக் காய்ச்சல். நெருப்பாகக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு மூலையில் கிடந்தாள். போனால் மாத்திரை கொடுப்பார்கள், மாத்திரை போட்டால் முதல் நாளிலிருந்து எண்ணவேண்டும். பாய்லர் கெஞ்சினான். வேன்காரர் அதட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம், மூன்று வாரமாகக் கட்டிலை விட்டு நகராத பெரியவள், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இரண்டாவது மாடிக்கு ஏறினாள்.

"எந்திரி. டாக்டர்கிட்ட போ."

"அம்பத்தாறு நாள் ஆச்சுக்கா."

"அம்பத்தாறு நாள் போனா போகுது. குடுக்கற மாத்திரையப் போடு."

"அப்புறம் உங்களுக்கு?"

"எனக்கு என்ன வேணா ஆகட்டும். நீ இப்படிக் கெடந்து, உனக்கு ஒண்ணு ஆயி, அப்புறம் அத உள்ள போட்டுக்கிட்டு நான் நல்லா இருக்கணுமா? எந்திரிடி. நீ எந்திரிக்காம நான் கீழ எறங்கமாட்டேன்."

அவளால் இறங்கவும் முடியாது என்பது வேறு விஷயம். சின்னவள் எழுந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, இது தெருவெல்லாம் சுற்றுகிற காய்ச்சல்தான், கிருமி மாத்திரை தேவையில்லை, சூடு தணிய ஒன்று போதும், எண்ணிக்கையில் கைவைக்கவேண்டாம் என்றார். அதைக் கேட்டுவிட்டு வந்து படியிலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரு கிண்ணம் கஞ்சியைக் குடித்தார்கள். ஒரே கிண்ணம், ஒரே கரண்டி. நான் பார்த்தேன்.

தொண்ணூற்றிரண்டாவது நாள் எல்லாச் சோதனையையும் மறுபடி எடுத்தார்கள். தொண்ணூற்றாறாவது நாள் காலை எட்டு மணிக்குச் சின்னவள் டப்பாவைக் கொடுத்தாள். நர்ஸ் கேள்வி கேட்கும் முன்பே அவள் சொல்லிவிட்டாள். "ஒண்ணும் போடல சிஸ்டர். தண்ணி மட்டும் குடிச்சேன்." ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டதற்கு அது ரொம்பச் சின்ன வேலை. கேட்குமா கேட்காதா என்று இனிமேல்தான் தெரியும் என்றார் டாக்டர். மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இரண்டாம் நாள் ஆறு தடவை. மூன்றாம் நாள் மூன்று. நான்காம் நாள் போகவே இல்லை. அது நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. கடையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

ஐந்தாம் நாள் காலை நான் என் சட்டைகளைப் போட சலவைக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஆவி புகைந்துகொண்டிருந்தது, உருளையில் விரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து பெரியவளுடைய குரல் வீலென்று வந்தது. பேர் சொல்லியோ முறை சொல்லியோ இல்லை, "வாடி, வாடி இங்க" என்று.

வேன்காரர் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். பாய்லர் ஓடினான். நானும் ஓடினேன். பாத்ரூம் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பழைய மாதிரி விழுந்துவிட்டாளோ என்று வேன்காரர் கதவில் தோளை வைத்துவிட்டார்.

"நீங்க யாரும் வேணாம்" என்றாள் உள்ளேயிருந்து. "அவ எங்க? அவள வரச்சொல்லுங்க."

சின்னவள் கையில் சோப்பு நுரையோடு எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கதவு கொஞ்சமாகத் திறந்து அவளை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டு மூடியது. நாங்கள் மூன்று ஆம்பிளைகள் வெளியே நின்றோம்.

"பாரு" என்றாள் பெரியவள்.

குழாயில் சின்னவள் கையைக் கழுவும் சத்தம் கேட்டது.

"நல்லா குனிஞ்சு பாரு."

"பாக்கறேன்க்கா."

"எத்தனாவது படம்?"

"நாலுக்கா. நாலேதான். அப்படியே நாலு."

"பதினாலு மாசமாச்சுடி இதப் பாத்து."

வேன்காரர் கதவைத் தட்டினார். "என்ன ஆச்சு? டாக்டருக்கு போன் போடவா?"

"சும்மா இருங்க" என்று இரண்டு குரலும் சேர்ந்து வந்தது. அப்புறம் சிரிப்பு. முதலில் சின்னவளுடையது, பிறகு பெரியவளுடையது. பெரியவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. அது எங்கே முடிந்து எங்கே அழுகை ஆரம்பித்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பாய்லர் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"தண்ணி ஊத்திடட்டுமாக்கா?" என்று சின்னவள் கேட்டாள்.

"இருடி, என்ன அவசரம். இன்னொரு தடவ பாத்துக்கறேன்."